வாக் ஓவர் என்றொரு குத்து

நம் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் நீங்கள் போட்ட சண்டையை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டு ஹெவி வெயிட் குத்துச்சண்டைக்காரன். அவன் ஓங்கிக் குத்தினால் மாடே விழுமாம், ஆனால் பெரிய பட்டம் ஒன்றுகூடக் கடைசிவரை கைக்கு வரவில்லையாம். ஊதிப் பெருக்கிய ஆள் என்று உங்களில் பாதிப் பேர். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் என்று மீதிப் பேர். நான் காலையில் எழுந்து காபி போடுவதற்குள் இருநூறு மெசேஜ். ஆளாளுக்கு முப்பது எட்டிப் பார்க்கிறது, ஒருவனுக்கு முன்மண்டை காலி, எனக்குக் காதோரம் முதல் நரை. சண்டை மட்டும் அதே ஏழாம் வகுப்புச் சண்டை.

நான் வாயைத் திறக்கவில்லை, காரணம் இருக்கிறது. இந்த வழக்கு எனக்குப் பழசு. நாம் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், நம் பிளாக் பொங்கல் விழாவில், மைக் கட்டி, நடுவர் போட்டு, சோடா வைத்து இதை விசாரித்தார்கள். விசாரிக்கப்பட்டவர் என் அப்பா. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், கரும்பு கடித்துக்கொண்டு. கரும்பு ஞாபகம் இருக்கும், வழக்கு மறந்திருக்கும். அதனால் சொல்கிறேன்.

அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க இருட்டில் கிடந்தது. ஒரு மணி நேரம் கரண்ட் வந்தால் அடுத்த ஒரு மணி நேரம் போய்விடும். கொசுவும் வியர்வையுமாக வெளியூர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நிலக்கரி மைன்ஸும் மின்நிலையமும் பக்கத்திலேயே இருந்த நம் டவுன்ஷிப்பில் மட்டும் மின்விசிறி நிற்காமல் சுற்றியது. அதனால் நமக்கெல்லாம் திடீரென்று சொந்தக்காரர்கள் பெருகிப்போனார்கள். திருவதிகையிலிருந்து ஒரு அத்தை, ஊறவைத்த அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார். எங்கள் வீட்டு கிரைண்டரில் ஆட்டி, மாவோடு சாயங்கால பஸ்ஸில் திரும்புவார். "உறவு இருக்கோ இல்லையோ, கரண்ட் இருக்குதே" என்பார் அம்மா, ஆனால் வந்தவர்களுக்கு முகம் சுளிக்காமல் பாய் எடுத்துப் போடுவார்.

அப்படிக் கம்மாபுரத்துப் பக்கமிருந்து வந்து எங்கள் ஹாலில் நிரந்தரமாகப் படுத்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. "வேலைதான் பெர்மனென்ட் ஆவல, பாயாவது பெர்மனென்ட் ஆவட்டும்" என்று ஃபேனுக்கு நேர் கீழே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் என்றால் அவருக்கு உயிர். அண்ணனைத் திட்டுவதற்கும் அவரை விட்டால் ஆள் கிடையாது.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் பாக்சர் மாமா என்றுதான் கூப்பிடுவீர்கள். மைன்ஸில் கன்வேயர் பகுதியில் வேலை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர். கதவு நிறைய உடம்பு. என் யூனிஃபார்ம் பட்டனைப் போட அந்த விரல்களால் முடியாது. போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மாவைக் கூப்பிடு" என்று சிரிப்பார். பேச்சு மிகக் குறைவு. வீட்டில் ஏதாவது வாக்குவாதம் வந்தால் "சரி" என்று ஒரு சொல், அடுத்த நிமிஷம் செருப்பை மாட்டிக்கொண்டு கிரவுண்டுக்குக் கிளம்பிவிடுவார். சண்டையே போடாத மனிதர், தங்கமான மனிதர் என்று பிளாக்கே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கத்துப் பலாமரமும் அதில் தொங்கிய பையும் நினைவிருக்கிறதா? ஏலத்தில் எடுத்த பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வளைத்துத் தைத்து, உள்ளே மணலும் கிழிந்த புடவைகளும் அடைத்த பை. வெயில் ஏறினால் அந்த ரப்பர் வாசனை அடுப்படி வரை வரும். முந்தின வருஷத்துப் புயலில் தெருவில் பாதி மரம் சாய்ந்தபோது எங்கள் பலா மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டு நின்றது. பையின் கனம்தான் மரத்தைப் பிடித்து நிறுத்தியது என்று சித்தப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடித்ததும் அப்பா நான்கைந்து குத்து விடுவார். தொம், தொம் என்று சத்தம் மூன்றாவது வீடு வரை கேட்கும். பலாப்பிஞ்சு ஒன்றிரண்டு உதிரும், அம்மா அதைப் பொறுக்கிக் கூட்டு வைத்துவிடுவார். அந்தப் பை இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. குவார்ட்டர்ஸ் மாறியபோது லாரியில் ஏற்றினோம் என்று அப்பா சொல்கிறார், ஏற்றவே இல்லை என்று அம்மா சொல்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு குத்து. அதன் பெயர் வாக் ஓவர்.

அம்மாவுக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். பெண் பார்க்க வந்தபோது அப்பாவோடு வந்த பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளை ஸ்டேட்டு லெவல்ல எத்தினி பேரை வாக் ஓவர்லயே ஜெயிச்சவர் தெரியுமா?" என்று கூடத்தில் சத்தமாகச் சொன்னாராம். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்திருக்கிறது. கல்யாணமான மறுநாள், "உங்க வாக் ஓவரை எனக்கு ஒருதரம் செஞ்சு காட்டுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். அப்பா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இடது காலை ஒரு முழம் முன்னால் வைத்து, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காற்றில் ஒரு குத்து விட்டாராம். "காத்து என் மூஞ்சில அடிச்சிது" என்று அம்மா சொல்வதைக் கேட்க வேண்டும்.

அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தவர். அளவு எடுக்க வந்த பெண்கள் யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் போனதில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, இடது காலை வைத்துக் காட்டுவார். அப்படித்தான் டவுன்ஷிப் முழுவதும் பரவியது. நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கிரவுண்டில் நாம் எத்தனை பேர் அந்த வாக் ஓவரைப் பழகினோம்! ஒருவன் காலை வைத்த வேகத்தில் மண்ணில் குப்புற விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். அவன் இப்போது குரூப்பில் ரொம்பச் சத்தம் போடுகிறான், அதனால் யாரென்று சொல்லவில்லை.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அம்மா சொல்லும்போது பக்கத்தில் நின்று காதைச் சொறிவார். தன்னடக்கம் என்று நினைத்தோம்.

எதிர்வீட்டில் ஃபோர்மேன் மாமா. அப்பாவின் பகுதியில்தான் அவரும். சிடுமூஞ்சி என்று நாம் பெயர் வைத்திருந்தோமே, அவரேதான். மார்கழி மாதத்தில் ஒருநாள் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவருக்கும் சித்தப்பாவுக்கும் முட்டிக்கொண்டது. நான் ஸ்கூல் பஸ்ஸுக்கு அங்கேதான் நின்றிருந்தேன்.

"எங்க அண்ணன் மட்டும் ஒழுங்கா ஆடியிருந்தா இன்னேரம் இந்தியாவுக்கே ஆடியிருப்பாரு. சோம்பேறித்தனம். அந்தக் கைய வச்சிகினு வேற எவனா இருந்தாலும் உலகத்தையே சுத்தி வந்திருப்பான்" என்றார் சித்தப்பா.

"கை இருந்தாத்தானேப்பா? ஊர்ல சும்மா தூக்கி வச்சிட்டீங்க. அவ்வளவுதான் சரக்கு. அதுக்கு மேல இல்லை" என்றார் ஃபோர்மேன் மாமா.

பஸ் வந்தது, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை. அங்கே மூன்றாவதாக நின்றவர் கேண்டீன் மாமா. கேண்டீன் சூப்பர்வைசர், திருநெல்வேலிக்காரர், வருஷா வருஷம் நம் பிளாக் பட்டிமன்றத்துக்கு நடுவர். அவருக்குக் கண் மின்னிவிட்டது. "ஏய், இந்த வருசம் தலைப்பு கெடைச்சிட்டுடே! புருசனா பொண்டாட்டியா, மாமியாரா மருமகளான்னு பேசிப் பேசி எனக்கே கொட்டாவி வருது. இதைப் பேசுவோம். நம்ம பாக்சர், ஊதிப் பெருக்கப்பட்டவரா, உருப்படியாச் சாதிக்காதவரா?"

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். மறுநாள் அறிவிப்புப் பலகையில் எழுதியே போட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்! "ரெண்டு பக்கமும் திட்டுதானே? ஒண்ணு ஒண்ணுமில்லாத ஆளு, இல்லாட்டி உதவாத ஆளு. நடுவுல நல்ல ஆளுன்னு ஒரு அணி கெடையாதா?" என்று கேண்டீன் மாமாவை வாசலில் நிறுத்திக் கேட்டார். சித்தப்பாவுக்கு அன்றிலிருந்து இட்லிக்குச் சட்னி நின்றது, பொடிதான். "அண்ணி, நான் அண்ணன் பக்கம்தான் பேசப்போறேன்" என்று அவர் கெஞ்சினார். "உங்க அண்ணன சோம்பேறின்னு சொல்றது அண்ணன் பக்கமா?" என்று பொடிக்கு வைத்த எண்ணெயையும் எடுத்துக்கொண்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

எனக்கோ வேறு கவலை. ஏழாம் வகுப்பில் அப்பா என்பவர் எவ்வளவு பெரிய சொத்து! அவர் பெரிய ஆளா இல்லையா என்று ஊர் கூடி முடிவு செய்யப் போகிறது, அதன்பிறகு நான் உங்கள் எல்லோர் முகத்திலும் விழிக்க வேண்டும். பை பக்கத்தில் போய் நின்று அப்பாவையே கேட்டேன். "நீங்க பெரிய பாக்சரா, இல்லையாப்பா?"

அப்பா பையை ஆடாமல் பிடித்து நிறுத்தினார். "தெரியலம்மா. பேசட்டும், நானும் கேக்கறேன்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாத முகம் அது. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம். கிரவுண்டில் பந்தல், சீரியல் பல்பு, தரையெல்லாம் கரும்புச் சக்கை. கரண்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்ந்ததில் கூட்டம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. அம்மா முதல் வரிசையில், பட்டுப்புடவை கட்டி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில். அப்பா பந்தலின் ஓரக் காலில் சாய்ந்து நின்றார். உட்காரச் சொன்னால் நாற்காலி தாங்காது என்று தலையாட்டிவிட்டார்.

முதலில் சித்தப்பா. எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டுப் பேசினார். கடலூரில் நடந்த ஒரு சண்டையைச் சொன்னார். மணி அடித்துப் பத்து எண்ணுவதற்குள் அப்பா விட்ட ஒரே குத்தில், எதிராளியின் வாயிலிருந்த பல் கவசம் பறந்து போய்ச் சிறப்பு விருந்தினர் மடியில் விழுந்ததாம். அவர் ஏதோ பிரசாதம் என்று வாங்கிக்கொண்டாராம். கூட்டம் சிரித்து உருண்டது. "அப்படிப்பட்ட கைய வச்சிகினு இந்த மனுசன் இன்னா பண்ணாரு? வேலை கெடைச்சிது, கல்யாணம் ஆச்சி, போதும்னு உக்காந்துட்டாரு. எனக்கு ஆத்திக்க முடியலைங்க. என்கிட்ட அந்தக் கை இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டார். கான்ட்ராக்ட் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் கேட்டில் நிற்கிற ஒருவர் அதைச் சொன்னார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மா கட்டிய கையைக் கொஞ்சம் தளர்த்தினார். நாளைக்குச் சட்னி உண்டு என்று நினைத்தேன்.

அடுத்து ஃபோர்மேன் மாமா. மைக்கைத் தட்டிப் பார்த்தார். "நான் நகைச்சுவையாப் பேச மாட்டேன்" என்றார். அதற்கே சிலர் சிரித்தார்கள்.

"இவர் டோர்னமென்ட்டுக்குப் போறப்ப எல்லாம் ஸ்போர்ட்ஸ் லீவ். இவருக்குப் பதிலா டபுள் ஷிஃப்ட் பார்த்தது யாரு? நான்! பாக்சர் ஜெயிச்சிட்டு வருவார், நம்ம உழைப்பும் அதுல இருக்குன்னு சந்தோஷமாப் பார்த்தேன். ஜெயிச்சிட்டும் வந்தார். எப்படி ஜெயிச்சார்? வாக் ஓவர்ல."

கூட்டம் கை தட்டியது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் நீங்கள் "வாக் ஓவர்! வாக் ஓவர்!" என்று கத்தினீர்கள். முன்பல் உடைந்தவன் எழுந்து நின்று குத்தியே காட்டினான்.

ஃபோர்மேன் மாமா கையை உயர்த்தினார். "எல்லாரும் கை தட்டுறீங்களே, வாக் ஓவர்னா என்னன்னு ஒருத்தருக்காவது தெரியுமா? அது குத்து இல்லை. எதிராளி வரலைன்னு அர்த்தம்! தமிழ்நாட்டுல அந்த எடைக்கு அப்ப ஆளே கிடையாது. பேர் கொடுத்தவனும் இவர் உடம்பைப் பார்த்துட்டு ஊருக்கு பஸ் ஏறிடுவான். இவர் க்ளவுஸ் மாட்டிக்கிட்டு ரிங்ல தனியா நிப்பார். ரெஃப்ரீ கையைத் தூக்கிவிடுவார். மெடல்! நான் ஒருதடவை லீவ் போட்டு, நேஷனல்ஸ் பார்க்கப் பின்னாலயே ரயில்ல போனேன். அங்க ஒருத்தன் வந்து எதிர்ல நின்னான். முதல் ரவுண்டு, பாக்சர் அவனைக் கீழ போட்டார். ரெண்டாவது, சமம். மூணாவது ரவுண்டுல இவருக்குக் கை தூக்கவே வரலை. நின்ன எடத்துல நின்னு வாங்கினார். இதுக்கா நான் டபுள் ஷிஃப்ட் பார்த்தேன்?"

கை தட்டியவர்கள் கையை இறக்கினார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தார். அம்மாவிடம் ஜாக்கெட் தைப்பவர். அப்புறம் இன்னொருவர். பதினாலு வருஷமாக இடது காலை முன்னால் வைத்துக் காட்டிய கதை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அம்மாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவர் கையை எட்டிப் பிடித்தேன். அப்பா தோற்றுப்போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மாவைப் பார்த்து ஊர் சிரிப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கேண்டீன் மாமாவுக்கே என்னவோ போலாகிவிட்டது. "பாக்சர், இவுக சொல்லுதது நெசமா?" என்று கேட்டார்.

அப்பா பந்தல்காலை விட்டு நிமிர்ந்தார். "நெசந்தாங்க" என்றார். அவ்வளவுதான். திரும்பிக் கூட்டத்துக்கு வெளியே, கிரவுண்டின் இருட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

அம்மா எழுந்தார். படி ஏறினாரா தாவினாரா என்று தெரியாது, மேடையில் நின்றார். ஃபோர்மேன் மாமா கையிலிருந்து மைக் போன விதம் அவருக்கே தெரியாது.

"எங்க போறீங்க?"

ஸ்பீக்கரில் அந்தக் கேள்வி அடுத்த பிளாக் வரை கேட்டிருக்கும். அப்பா நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. வாக் ஓவர்னா இன்னான்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது. நல்லதாப் போச்சி. இந்த மனுசன் கட்டிகினு வந்த நாளா என்கிட்ட ஒரு சண்டைக்கு நின்னது கெடையாது. நான் வாயைத் தொறந்தா சரிம்பாரு, செருப்பை மாட்டிகினு கிரவுண்டுக்குப் போயிடுவாரு. பதினாலு வருசமா வூட்டுல எல்லாச் சண்டையிலயும் நான்தான் ஜெயிச்சிருக்கேன். எப்படி? வாக் ஓவர்ல! எதிர்ல ஆளே வர்லீங்க. அவருக்காவது மெடல் குடுத்தாங்க, எனக்கு இன்னா குடுத்தீங்க?"

முதலில் கை தட்டியது சிரிக்க ஆரம்பித்த அதே ஜாக்கெட்காரப் பெண்தான். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும். கரும்பைத் தூக்கி ஆட்டினார்கள்.

அம்மா மைக்கை விடவில்லை. "பெரிய பாக்சரா, சின்ன பாக்சரான்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க. எனக்கு அது வாணாம். என் எதிர்ல வந்து நிக்கறாரா இல்லையா, அதான் எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலைல வூட்டுல இருங்க."

கேண்டீன் மாமா சோடாவைக் குடித்துவிட்டு எழுந்தார். வருஷா வருஷம் இரண்டு பக்கமும் சமம் என்று தீர்ப்புச் சொல்கிறவர். "இது மேல்கோர்ட்டுக்குப் போயிட்டுய்யா. இனி கீழ்க்கோர்ட்டு தீர்ப்புச் சொன்னா தப்பு" என்று மேசையைத் தட்டிக் கலைத்துவிட்டார்.

ஃபோர்மேன் மாமாவை நான் பல வருஷம் வெறுத்தேன். இப்போது தோன்றுகிறது, அப்பா மேல் ஊர் முழுக்கப் பெருமைப்பட்டது, ஆனால் லீவ் போட்டு ரயிலேறிப் போய் அந்த மூன்றாவது ரவுண்டைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நம்பி ஏமாந்தவனுக்குத்தான் அவ்வளவு கசப்பு வரும். தங்கமான மனிதர் என்று நாம் அப்பாவைக் கொண்டாடியதும் தப்புக் கணக்குத்தான். தங்கத்தோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு தனிமை என்று அம்மாவை யாரும் கேட்கவில்லை. எனக்கும் வாய்த்தவர் "சரி" சொல்கிற ஜாதி. அதனால் இப்போது நன்றாகவே புரிகிறது.

மறுநாள் காணும் பொங்கல். விடிந்ததும் அப்பா வாசலுக்குப் போனார். செருப்பு இல்லை. ஷூ இல்லை. சித்தப்பாவின் செருப்பும் இல்லை. அம்மா எல்லாவற்றையும் தையல் மிஷின் அடியில் போட்டுப் பூட்டியிருந்தார்.

அப்பா வெறுங்காலோடு திரும்பி வந்து அடுப்படி வாசலில் நின்றார். உள்ளே அம்மா, கையில் தோசைத் திருப்பி. ஹாலில் திருவதிகை அத்தை, நான், போர்வைக்குள்ளிருந்து தலை நீட்டிய இன்னும் சில சொந்தங்கள். சித்தப்பா எவர்சில்வர் தட்டு ஒன்றை இடது கையில் பிடித்து, கரண்டியால் ணங்கென்று அடித்தார். "மொதல் ரவுண்டு!"

முதல் ரவுண்டு முழுவதும் அம்மாவுடையது. "ஊரே சிரிச்சிதே! நான் கதை சொல்றப்பல்லாம் நீங்க பக்கத்துல நின்னு கேட்டுகினு இருந்தீங்களே! அது குத்து இல்லடின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லியா?" அப்பா வழக்கம்போல "சரி" என்று ஆரம்பித்தார். "அந்தச் சரி இங்க வாணாம்!" என்று தோசைத் திருப்பி அவர் மூக்குக்கு நேரே வந்தது. தட்டில் ணங்.

இரண்டாவது ரவுண்டில் பழைய பாக்கியெல்லாம் வந்தது. அம்மாவின் தம்பி கல்யாணத்துக்குப் பாதியில் கிளம்பியது, பெரிய குவார்ட்டர்ஸ் வந்தபோது கேட்காமல் வேண்டாமென்று சொன்னது. அப்பா வாசல் பக்கம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கால் தானாக நகர்ந்தது. வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு மறுபடி நின்றார். பிறகு அதிசயமாக, "பெரிய குவார்ட்டர்ஸ்ல பலாமரம் இல்ல" என்றார். அப்பா எதிர்வாதம் செய்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. "அப்ப மரத்தைக் கட்டிகினு இருந்திருக்கலாமே!" என்றார் அம்மா. அத்தை கை தட்டினார். ணங்.

மூன்றாவது ரவுண்டு. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "கல்யாணத்துக்கு மறுநாள் நான் ஆசையாக் கேட்டேன். இல்லாத குத்தை எதுக்குக் குத்திக் காட்டுனீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல."

கல்லில் தோசை கருகியது, யாரும் எடுக்கவில்லை.

"உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றார் அப்பா. "யாருமே வரலை, தனியா நின்னேன்னு சொல்லணும். வாய் வரல. கை வந்துடுச்சி."

அம்மா தோசைத் திருப்பியை இறக்கினார்.

"ஒவ்வொரு வாட்டியும் வருசம் பூரா ஒடம்பைத் தேத்திகினு போவேன். எவனும் வர மாட்டான். கையத் தூக்குவாங்க. அழுகையா வரும். அப்பறம் நீ எல்லார்கிட்டயும் காலை வச்சிக் காட்டுவியா, அது பாக்க நல்லா இருக்கும். அப்படி ஒரு குத்து நெசமாவே இருக்குதுன்னு நானே நம்பிட்டேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் எழுந்தேன். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். இடது காலை ஒரு முழம் முன்னால் வைத்து, தோசைத் திருப்பியைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, அப்பாவின் நெஞ்சில் ஒரு வாக் ஓவர் வைத்தார். மாவு தெறித்தது.

அப்பா அசையவில்லை. நெஞ்சிலிருந்த மாவைத் துடைக்கவும் இல்லை. நெற்றி முழுக்க வேர்வை. "மூணாவது ரவுண்டு இம்மா நேரமா இருக்கும்?" என்று கேட்டார்.

"இன்னும் மணி அடிக்கல. நில்லுங்க" என்றார் அம்மா.

நாங்கள் எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அவர் கரண்டியைத் தூக்கியபடியே தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மணியை அவர் இன்றுவரை அடிக்கவில்லை. அப்பாவும் அங்கேயேதான் நிற்கிறார்.